நோக்கல் அசமன்பாடு: மாறிலிக்குள் என்ன இருக்கிறது?

கேள்வியின் சாரம் இது. இரு முனையும் இழுத்துக் கட்டிய கம்பியின் அதிர்வை ஒரு முனையை மட்டும் அசைத்து நிறுத்த வேண்டும். வலைப்புள்ளிகளை 50, 100, 200 என்று கூட்டக் கூட்ட விடை குவியவில்லை. கணினி தரும் கட்டுப்பாடு, அதாவது முனையை அசைக்க வேண்டிய விதம், ரம்பப் பல்லைப் போல ஆடிப் பெருகுகிறது. நிரலில் பிழை இல்லை. தேற்றமோ கட்டுப்பாடு உண்டு என்கிறது. அப்படியானால் தவறு எங்கே? கூடவே ஒரு துணைக்கேள்வி: ஆற்றல் மதிப்பீடுகளைப் படித்தவர்களுக்குக் கட்டுப்பாட்டுக் கட்டுரைகளில் எங்கு பார்த்தாலும் வரும் அந்த ‘அப்சர்வபிலிட்டி’ அசமன்பாடு எதற்கு?

துணைக்கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், முதல் கேள்வியின் விடையும் அதற்குள்தான் இருக்கிறது. இனி அதை நோக்கல் அசமன்பாடு என்றே சொல்கிறேன்.

ஒரு பகுதி வகைக்கெழுச் சமன்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். களத்தின் ஒரு சிறு பகுதியில் மட்டும் நாம் விசை கொடுக்கலாம். குறித்த காலத்தில் தீர்வு சுழியாக வேண்டும். சமன்பாட்டை அதன் சேர்ப்புச் சமன்பாட்டின் (adjoint, காலத்தில் பின்னோக்கி ஓடும் இணைச் சமன்பாடு) ஒரு தீர்வால் பெருக்கிப் பகுதித் தொகையிடல் செய்தால் ஒரு நிபந்தனை கிடைக்கும்: கட்டுப்பாட்டுப் பகுதியின் மீது விசையையும் சேர்ப்புத் தீர்வையும் பெருக்கித் தொகையிட்டது, தொடக்க நிலையையும் தொடக்கக் கணத்துச் சேர்ப்புத் தீர்வையும் பெருக்கித் தொகையிட்டதற்கு எதிர்க்குறியில் சமமாக வேண்டும். எல்லாச் சேர்ப்புத் தீர்வுகளுக்கும் இது பொருந்த வேண்டும். இது ஓர் இருபடிச் சார்பகத்தின் (functional, ஒரு சார்பை எடுத்து ஓர் எண்ணைத் தருவது) சிறும நிபந்தனையேதான். அந்தச் சிறுமம் எல்லாத் தொடக்க நிலைகளுக்கும் கட்டுக்குள் கிடைக்க வேண்டுமானால் ஒன்று தேவை: சேர்ப்புத் தீர்வின் மொத்த அளவை, கட்டுப்பாட்டுப் பகுதியில் மட்டும் நின்று பார்த்த அளவின் ஒரு மாறிலி மடங்கு மேலிருந்து கட்டுப்படுத்த வேண்டும். அதுதான் நோக்கல் அசமன்பாடு. அளவுகளை வர்க்கத்தில் எழுதினால், மாறிலியின் வர்க்கமூலம்தான் கட்டுப்பாட்டின் செலவு: தொடக்க நிலையின் அளவு 1 என்றால் விசையின் அளவு அதைத் தாண்டாது, அதைவிடச் சிறிய எண்ணும் எல்லாருக்கும் போதாது. 1988இல் ழாக்-லூயி லியோன்ஸ் ஹில்பர்ட் தனித்தன்மை முறை என்று பெயரிட்டு முறைப்படுத்தியது இந்தச் சிறுமப்படுத்தலைத்தான்.

ஆகவே ‘மாறிலி உண்டு’ என்பதோடு நின்றுவிடும் நிரூபணம் பாதி வேலைதான். மாறிலி எதையெதைச் சார்ந்திருக்கிறது என்பதே முழு விஷயம். முரண்பாட்டு வழியில், இறுக்கத்தையும் (compactness) தனித்தன்மையையும் சேர்த்து நிரூபிப்பது சுருக்கமாக முடிந்துவிடும். ஆனால் காலம், குணகம், வலை இடைவெளி மாறும்போது மாறிலி என்ன ஆகும் என்று அது ஒரு சொல்லும் சொல்லாது. உங்கள் நிரல் மாட்டிக்கொண்டது சரியாக அந்த இடத்தில்.

கம்பியில் எல்லாவற்றையும் கையால் கணக்கிடலாம். நீளம் 1, அலை வேகம் 1. சேர்ப்புத் தீர்வு இரு முனையிலும் கட்டப்பட்ட கம்பிதான். நாம் பார்ப்பது வலது முனையில் அதன் சாய்வு. தீர்வை ஃபூரியர் தொடராக விரித்து, அந்தச் சாய்வின் வர்க்கத்தைக் காலம் 0 முதல் 2 வரை தொகையிட்டால், வருவது ஆற்றலின் சரியாக 4 மடங்கு. மதிப்பீடு இல்லை, சமன்பாடே. காலம் 2க்குக் குறைந்தால் எந்த மாறிலியும் உதவாது: வலது முனையை ஒட்டிப் புறப்பட்டு இடப்பக்கம் ஓடும் ஒரு சிறு துடிப்பு இடது முனையில் மோதித் திரும்பி வர ஏறக்குறைய 2 அலகு காலம் எடுக்கும், அதுவரை வலது முனையில் எதுவும் தெரியாது. தொடரே இல்லாமலும் இதைப் பெறலாம். சமன்பாட்டை ‘இடம் பெருக்கல் சாய்வு’ என்னும் பெருக்கியால் பெருக்கித் தொகையிட்டால், முனைச் சாய்வின் வர்க்கத் தொகையில் பாதி, காலத்திலிருந்து 2ஐக் கழித்து ஆற்றலால் பெருக்கியதைவிடக் குறையாது என்று வரும். இது சற்றுத் தளர்வான மதிப்பீடு. ஆனால் உயர் பரிமாணங்களிலும் இதே உத்தி செல்லும் என்பதால் பழகிவைத்துக்கொள்வது நல்லது.

இப்போது கம்பியை வலைப்புள்ளிகளாக வெட்டுங்கள். நேரத்தை வெட்டாமல் இடத்தை மட்டும், இடைவெளி 1/100. வழக்கமான மூன்று புள்ளி வேறுபாட்டு முறையில் சீரிசைகளின் (harmonics, கம்பியின் இயல்பான தனி அதிர்வுகள்) வடிவம் மாறுவதில்லை, அதிர்வெண்தான் மாறுகிறது. உண்மைக் கம்பியில் சீரிசை எண்ணுக்கு நேர்விகிதமாக ஏறும் அதிர்வெண், வலைக்கம்பியில் சைன் வளைவாக வளைந்து மேலே தட்டையாகிவிடுகிறது. விளைவு இரண்டு. முதலாவது, தனிச் சீரிசை ஒன்றின் ஆற்றலுக்கும் அது முனையில் காட்டும் சாய்வின் வர்க்கத்துக்கும் உள்ள விகிதம். தாழ்ந்த சீரிசைகளில் இது வழக்கமான அளவு. 99ஆம் சீரிசையில் இந்த விகிதம் அந்த வழக்கமான அளவைப்போல ஏறக்குறைய 4,050 மடங்கு. அதாவது கம்பி முழுக்க ஆற்றல் ததும்புகிறது, முனையில் ஏறத்தாழ ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது, அலைத்தொகுதியின் வேகம். அது அதிர்வெண் வளைவின் சரிவு. 99ஆம் சீரிசையை ஒட்டி அது 0.0157. ஒருமுறை போய்த் திரும்ப 2 அலகு என்பது 127 அலகாகிவிடுகிறது. நீங்கள் கொடுத்த காலம் 2.5 என்றால், இந்த அலைகள் முனையை வந்தடையவே இல்லை. வலையைப் பொடிதாக்கினால் நிலைமை மேம்படுவதில்லை. மோசமாகிறது, ஏனெனில் உச்சிச் சீரிசைகள் இன்னும் மெதுவாகின்றன. எவ்வளவு காலம் கொடுத்தாலும், எல்லாச் சீரிசைகளையும் உள்ளடக்கினால் வலைக்கம்பியின் நோக்கல் மாறிலி முடிவிலிக்குப் போகிறது. இன்ஃபான்டேயும் சுவாசுவாவும் 1999இல் இதை நிறுவினார்கள்.

கம்பி சார்ந்த தேற்றம் பொய்யில்லை, நிரலும் பொய்யில்லை. கணினி தீர்ப்பது வேறொரு கணக்கு: வலை உண்டாக்கிய போலி அலைகளையும் சேர்த்துச் சுழியாக்கச் சொல்கிறீர்கள். ரம்பப் பல் அந்த அலைகளுக்குக் கொடுக்கும் விலை. இதிலிருந்து பெற வேண்டியது: எண்வழித் திட்டத்தின் நிலைத்தன்மையும் குவிவும் தொடக்க மதிப்புக் கணக்குக்குப் போதும், கட்டுப்பாட்டுக் கணக்குக்குப் போதா, நோக்கல் மாறிலி வலை இடைவெளியைச் சாராமல் நிற்க வேண்டும் என்பது தனியாகச் சரிபார்க்க வேண்டிய மூன்றாவது நிபந்தனை.

மருந்துகள் உண்டு. எளியது வடிகட்டுதல்: சிறுமப்படுத்தலைத் தாழ்ந்த சீரிசைகளுக்குள் மட்டும் செய்யுங்கள். கீழ்ப்பாதியை மட்டும் வைத்துக்கொண்டால் மிக மெதுவான அலைத்தொகுதியின் வேகம் 0.707, தேவையான காலம் 2 அல்ல, சுமார் 2.83. காலத்தை 2.5ஆக வைத்துக்கொண்டு பாதியை வடிகட்டியும் சரிவரவில்லை என்று நிற்பவர்கள் இந்தக் கணக்கைத்தான் விட்டிருப்பார்கள். 2.5 காலத்துக்கு வேகம் 0.8க்குக் குறையக் கூடாது. அப்படியானால் கீழிருந்து 40 சதவீதச் சீரிசைகளோடு நிறுத்த வேண்டும். ஃபூரியர் கிடைக்காத களங்களில் குளோவின்ஸ்கி முன்வைத்த இரு-வலை உத்தி வசதியானது: சேர்ப்புத் தீர்வின் தரவை இரட்டிப்பு இடைவெளி உள்ள வலையில் எடுத்து, பொடி வலைக்கு இடைச்செருகி, அங்கே தீர்ப்பது. மூன்றாவது வழி, கலப்பு முடிவுறு உறுப்பு முறை. அதில் சைன் இருந்த இடத்தில் டேன்ஜென்ட் வருகிறது. அதிர்வெண் இடைவெளி உச்சியில் சுருங்குவதற்குப் பதில் விரிகிறது. ஆனால் வெளிப்படையான (explicit) நேரத்திட்டத்தில் அந்த உயர் அதிர்வெண்கள் நேரப்படியை மிகச் சிறிதாக்கச் சொல்லும். உள்ளுறை (implicit) நேரத்திட்டம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பொறி இங்கே இருக்கிறது. லீப்ஃபிராக் என்னும் வெளிப்படையான நேரத்திட்டத்தில் நேரப்படியை இட இடைவெளிக்குச் சரிசமமாக வைத்தால், ஒரு பரிமாண, மாறாக் குணக அலைச் சமன்பாட்டுக்கு அந்தத் திட்டம் பிழையே இல்லாதது. போலி அலைகள் தோன்றவே மாட்டா. நிரல் சரியா என்று பலர் முதலில் சோதிப்பது இந்த நிலையில்தான், விடை கண்ணாடிபோல வரும். விகிதத்தை 0.9ஆக மாற்றுங்கள், நோய் வெளியே வரும். குணகம் இடத்துக்கு இடம் மாறும் கம்பியில் அந்த 1 என்ற சொகுசு எங்கும் கிடைக்காது.

உயர் பரிமாணத்தில் அலைக்கு விதி வடிவியல் சார்ந்தது: களத்துக்குள் எதிரொலித்துச் செல்லும் ஒவ்வொரு ஒளிக்கதிரும் கொடுத்த காலத்துக்குள் கட்டுப்பாட்டுப் பகுதியைத் தொட வேண்டும். பார்டோஸ், லெபோ, ரௌச் 1992இல் இதை ஏறக்குறையத் தேவையும் போதுமானதுமான நிபந்தனையாக நிலைநாட்டினார்கள். வட்டத்தின் நடுவில் ஒரு சிறு வட்டில் மட்டும் கட்டுப்பாடு வைத்தால் விளிம்பை ஒட்டிச் சுற்றும் கதிர்கள் அதைத் தொடுவதே இல்லை. மாறிலி கிடையாது, காலத்தை எவ்வளவு நீட்டினாலும்.

வெப்பச் சமன்பாட்டின் கதை தலைகீழ். எவ்வளவு சிறிய பகுதியிலிருந்தும், எவ்வளவு குறைந்த காலத்திலும் சுழிக்குக் கொண்டுவரலாம். அதற்கு விலை வேறு இடத்தில் வசூலாகிறது. நீளம் 1 உள்ள தண்டில் முதல் ஐகென் மதிப்பு (அந்தச் சீரிசை கரையும் வேகம்) π², ஏறத்தாழ 9.87, பத்தாவது 987. காலம் 0.1இல் பத்தாம் சீரிசை 10⁻⁴³ மடங்காகச் சுருங்கிவிடும். இரட்டைத் துல்லியம் பிடிப்பது 16 இலக்கம். ஏழாம் சீரிசையிலிருந்தே தகவல் கணினிக்கு எட்டாது. அலையில் தொடக்க ஆற்றலும் இறுதி ஆற்றலும் ஒன்று. எந்தக் கணத்தின் ஆற்றலை எழுதினாலும் அசமன்பாடு அதே. வெப்பத்தில் சேர்ப்புத் தீர்வு பாய்ந்து கரைந்து முடிந்தபின் எஞ்சுவதை மட்டுமே மேலிருந்து மதிப்பிட முடியும், அது தொடங்கிய நிலையை அல்ல. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் அலைக்கான நிரூபணத்தை வெப்பத்துக்கு நகலெடுப்பது அடிக்கடி காணும் பிழை.

வெப்பத்துக்கான கருவி கார்லெமன் மதிப்பீடு. டோர்ஸ்டன் கார்லெமன் 1939இல் இரு மாறிச் சமன்பாடுகளின் தீர்வு தனித்தன்மைக்காகக் கொண்டுவந்தது. வெப்பச் சமன்பாட்டின் கட்டுப்பாட்டுக்கு ஏற்ற முழு வடிவத்தை 1996இல் ஃபுர்சிகோவும் இமானுவிலோவும் எழுதினார்கள். தீர்வை ஓர் அடுக்குக்குறி எடைச் சார்பால் பெருக்குகிறோம். எடை காலத்தின் இரு ஓரங்களிலும் சுழிக்கு விழும், அதனால் தொடக்க, இறுதி மதிப்புகள் கணக்கில் வராமல் மறையும். இடத்தில் அது ஓர் அடிப்படைச் சார்பிலிருந்து பிறக்கிறது. அந்தச் சார்பு எல்லையில் சுழி, உள்ளே நேர்மம், கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வெளியே எங்கும் அதன் சரிவு சுழியாகக் கூடாது. எல்லையில் சுழியாகி உள்ளே நேர்மமாக உள்ள சார்புக்கு எங்கேனும் ஓர் உச்சி இருந்தே தீரும். அந்த உச்சியை ஒதுக்கிவைக்கக் கிடைத்த மூலைதான் கட்டுப்பாட்டுப் பகுதி. நிரூபணத்தில் அந்தப் பகுதி எங்கே நுழைகிறது என்று தேடுபவர்கள் பக்கம் பக்கமான பகுதித் தொகையிடலுக்குள் தொலைந்துபோவார்கள். நுழைவது இந்த ஒரே இடத்தில்.

மீதி இயந்திர வேலை: எடையிட்ட தீர்வுக்கான வகைக்கெழுச் செயலியைச் சமச்சீர்ப் பகுதி, எதிர்ச்சமச்சீர்ப் பகுதி என்று இரண்டாகப் பிரித்து, கூட்டுத்தொகையின் வர்க்கத்தை விரித்து, குறுக்குப் பெருக்கத்தைப் பகுதித் தொகையிடல் செய்தால், தீர்வின் வர்க்கம் எடையின் பெரிய அளவுருவின் மூன்றாம் அடுக்கோடும், சரிவின் வர்க்கம் அதன் முதல் அடுக்கோடும் இடப்பக்கம் நிற்கும். பிறகு காலத்தின் நடுப்பாதியை மட்டும் எடுத்து, அங்கே எடைக்கு ஒரு கீழெல்லை போட்டு, ஆற்றல் குறைவை வைத்து இறுதிக் கணத்துக்கு நகர்ந்தால் நோக்கல் அசமன்பாடு வந்துவிடும்.

அந்த மூன்றாம் அடுக்கை மனத்தில் வையுங்கள். சமன்பாட்டில் தீர்வைப் பெருக்கும் ஒரு கட்டுண்ட குணகம் சேர்ந்தால், அது வலப்பக்கம் குணகத்தின் வர்க்கமாக வந்து நிற்கும். அதை இடப்பக்கம் விழுங்க வேண்டுமானால் அளவுருவின் மூன்றாம் அடுக்கு குணகத்தின் இரண்டாம் அடுக்கை மிஞ்ச வேண்டும். அளவுரு குணகத்தின் 2/3 அடுக்குக்கு மேல். ஃபெர்னாண்டஸ்-காராவும் சுவாசுவாவும் 2000இல் தந்த செலவின் அடுக்குக்குறிக்குள் நான்கு உறுப்புகள் உள்ளன: ஒரு நிலை எண், காலத்தின் தலைகீழி, காலம் பெருக்கல் குணகம், குணகத்தின் 2/3 அடுக்கு. மூன்றாவது உறுப்பு சாதாரண ஆற்றல் மதிப்பீட்டிலிருந்து வருவது. நான்காவது கார்லெமன் எடையிலிருந்து.

இது வெறும் கணக்கு நுணுக்கம் அல்ல. நேரிலாச் (nonlinear) சமன்பாட்டில் குணகம் தீர்வையே சார்ந்திருக்கும். நேரிலா உறுப்பு, தீர்வு பெருக்கல் அதன் மடக்கையின் ஏதோ ஓர் அடுக்கு என்று வளர்ந்தால், குணகம் மடக்கையின் அந்த அடுக்கு. காலத்தைக் குணகத்தின் −1/3 அடுக்காகச் சுருக்கிக்கொண்டால் மூன்றாவது உறுப்பும் 2/3 அடுக்காகிவிடும். மீதிக் காலத்துக்குக் கட்டுப்பாட்டை அணைத்துவிடலாம், சுழி சுழியாகவே நிற்கும். இப்போது செலவு தீர்வின் அளவை மீறாமல் வளையம் மூட, மடக்கையின் அடுக்கு 3/2க்குக் குறைய வேண்டும். 2/3இன் தலைகீழி 3/2, அவ்வளவுதான். கட்டுப்பாடு இல்லாவிட்டால் முடிவுறு காலத்தில் வெடித்துவிடும் (தீர்வு முடிவிலிக்குப் போய்விடும்) சமன்பாடுகளும் இந்த வரம்புக்குள் வருகின்றன. அடுக்கு 2ஐத் தாண்டினாலோ, எந்தக் கட்டுப்பாட்டாலும் வெடிப்பைத் தடுக்க முடியாத எடுத்துக்காட்டுகள் இருக்கின்றன. ஒரு மதிப்பீட்டின் அடுக்கெண் நேராகக் கட்டுப்பாட்டுத் தேற்றத்தின் எல்லைக்கோடாக மாறுவதற்கு இதைவிடத் தெளிவான இடம் இல்லை.

காலத்தின் தலைகீழியையும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது அடுக்குக்குறிக்குள் இருப்பதால் காலத்தைப் பாதியாக்கினால் அந்தக் காரணி இரட்டிப்பதில்லை, வர்க்கமாகிறது: 100 இருந்த இடத்தில் 10,000. இது நிரூபண முறையின் குறையும் அல்ல. கட்டுப்பாட்டுப் பகுதியிலிருந்து தொலைவில் வைத்த புள்ளி மூலத்தின் வெப்பம் அங்கே எட்டும்போது, தொலைவின் வர்க்கத்தைக் காலத்தின் 4 மடங்கால் வகுத்த எண், குறைக்குறியோடு அடுக்கில் உட்கார்ந்திருக்கும். பார்ப்பதே அவ்வளவு மங்கலானால் செலவு அதற்கேற்ப ஏறத்தான் செய்யும்.

லெபோ–ரோபியானோ வழி (1995) இதே முடிவைப் படிப்படியாகக் காட்டும். ஒரு வரம்புக்கு உட்பட்ட ஐகென் மதிப்புள்ள சீரிசைகளை மட்டும் அணைக்க ஆகும் செலவு, அந்த வரம்பின் வர்க்கமூலத்தை அடுக்கில் கொண்டது. பிறகு கட்டுப்பாட்டை நிறுத்திச் சும்மா விட்டால் மீதி உயர் சீரிசைகள் கரையும் வேகத்தில் வரம்பே அடுக்கில் இருக்கிறது. வர்க்கமூலம் எண்ணிடம் தோற்கும். ஆகவே அணை, விடு, வரம்பைக் கூட்டு, மறுபடி அணை என்று போய்ச் சுழியை அடையலாம். கரைதல் வேகமும் வர்க்கமூலமாகக் குறைந்துவிட்டால் இந்தச் சண்டை நின்றுவிடும். லாப்லாசியனின் 1/2 அடுக்கு கொண்ட பின்ன வெப்பச் சமன்பாட்டில் சுழிக்குக் கொண்டுவருவது தோற்பது இதனால்தான்.

வெப்பத்தை எண்வழியில் செய்யும்போது சிறுமத்தை நேரடியாகத் தேட வேண்டாம். சிறுமம் இருக்கும் வெளி மிகப் பெரியது, எந்த வலையிலும் கட்டுப்படாமல் ஆடும் சார்புகள் அதில் உண்டு. சார்பகத்தோடு இறுதித் தரவின் வர்க்க அளவை ஒரு சிறு எண்ணின் (தண்டனை எண்) பாதியால் பெருக்கிச் சேர்த்துவிடுங்கள். அந்த எண்ணை 10⁻¹² என்று வீம்புக்கு வைக்காமல், திட்டத்தின் பிழையோடு கட்டுங்கள்: இடத்தில் இரண்டாம் வரிசைத் திட்டம் என்றால் வலை இடைவெளியின் நான்காம் அடுக்கு பொருத்தம். நேரத்தில் உள்ளுறை ஆய்லர் போதும். கிராங்க்–நிக்கல்சன் நேரத்திட்டம் மிகத் துல்லியம் என்று எடுக்கத் தோன்றும். ஆனால் உயர் சீரிசைகளை அது கரைப்பதில்லை, ஒவ்வோர் அடியிலும் குறியை மட்டும் மாற்றி ஏறக்குறைய அப்படியே வைத்திருக்கிறது, கட்டுப்பாட்டில் ரம்பப் பல் மறுபடி முளைக்கும். சேர்ப்புச் சமன்பாட்டைத் தனியாகத் திரும்ப வெட்டாமல், முன்னோக்கிய திட்டத்தின் அணியையே இடமாற்று செய்து எடுங்கள். இல்லாவிட்டால் சிறுமத்தைச் சுற்றுச் சுற்றாகத் தேடும் கான்ஜுகேட் கிரேடியன்ட் முறை ஒரு கட்டத்தில் இறங்காமல் நின்றுவிடும்.

மூன்று நான்கு வலைகளில் ஓட்டி இரண்டை மடக்கைத் தாளில் குறியுங்கள்: விசையின் அளவு, இறுதி நிலையின் அளவு. விசை தட்டையாக நின்று, இறுதி நிலை தண்டனை எண்ணின் வர்க்கமூலத்துக்கு விகிதமாக இறங்கினால், சுழிக்குக் கொண்டுவர முடிகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். விசை மெல்ல ஏறிக்கொண்டே இருந்து, இறுதி நிலை அதைவிட மெதுவாக இறங்கினால், கிடைப்பது சுழிக்கு அருகில் போவது மட்டுமே. சுற்றுகளின் எண்ணிக்கை கூடுவது மட்டும் நோய்க்குறி அல்ல.

இந்தச் சோதனையும் ஏமாறும் இடம் ஒன்று. தண்டின் ஒரே புள்ளியில் வெப்பம் செலுத்துகிறீர்கள், புள்ளி 0.3இல். பத்தாம் சீரிசை அங்கே சரியாகச் சுழி; அதை எந்த விசையாலும் தொட முடியாது, தேற்றப்படி கட்டுப்பாடு இல்லை. ஆனால் காலம் 0.1இல் அது தானாகவே 10⁻⁴³ ஆகிவிடுவதால் உங்கள் வரைபடம் ‘முடிகிறது’ என்று அழகாகக் காட்டும். விகிதமுறா எண்ணில் புள்ளியை வைத்தால் எந்தச் சீரிசையும் தப்பாது. ஆனாலும் பின்னங்களால் அதீத வேகத்தில் நெருங்கப்படும் சில எண்களுக்கு ஒரு குறைந்தபட்சக் காலம் தேவைப்படும் என்று டோலெட்ஸ்கி 1973இல் காட்டினார். கணினியில் சேமித்த புள்ளி எப்போதும் பின்னம்தான். அங்கே விடையைச் சீரிசையின் சைன் மதிப்பு எவ்வளவு வேகமாகச் சுழியை நெருங்குகிறது என்று தாளில் கணக்கிட்டுத்தான் பெற வேண்டும்.